வளர்ந்ததும் சண்டை போடும் முயல் ஜோடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முயல் வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது சாப்பாட்டைப் பற்றியோ கூண்டைப் பற்றியோ இல்லை, இதைப் பற்றித்தான். இரண்டு குட்டிகளை ஒன்றாகக் கொண்டுவந்தோம், ஒரே தட்டில் தின்று ஒன்றின் மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கின, இப்போது நாலைந்து மாதம் ஆனதும் கடித்துக் குதறிக்கொள்கின்றன, என்ன செய்வது? என் வீட்டிலும் இது நடந்தது. நான் ஒரு வாரம் யோசித்துக்கொண்டே இருந்தேன், வலியை அனுபவித்தது என் முயல். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த நிமிஷம் உங்கள் வீட்டில் சண்டை நடக்கிறது என்றால் முதலில் இரண்டையும் தனித்தனியாக விடுங்கள், அப்புறம் வந்து படியுங்கள்.

குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை, அதுவும் கூடப்பிறந்தவை. திடீரென்று ஏன் இந்தப் பகை?

பகை எல்லாம் இல்லை, பருவம் வந்துவிட்டது. குட்டி முயல் எந்தக் குட்டியோடும் ஒட்டிக்கொள்ளும். குளிருக்கும் பயத்துக்கும் ஒண்டிக்கொள்கிற ஒட்டு அது. அதைப் பார்த்துவிட்டு நாம்தான் ஜோடி சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டும் உண்மையிலேயே ஜோடியா என்பது ஹார்மோன் ஏறி, அடங்கி, அதற்குப் பிறகும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

வீட்டு முயல்கள் எல்லாமே ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. அந்தக் காட்டு முயல்கள் மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கின்றன, ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஆண்களுக்குள் ஒரு வரிசை, பெண்களுக்குள் ஒரு வரிசை என்று யார் மேலே யார் கீழே என்பது எப்போதும் உண்டு. ஆண்கள் அடித்துக்கொள்வது பெண்ணுக்காக, பெண்கள் அடித்துக்கொள்வது குட்டி போட நல்ல வளைக்காக. தோற்றது ஓடிவிடும், ஜெயித்தது கொஞ்ச தூரம் துரத்திவிட்டு நின்றுவிடும். பருவம் வந்த இளம் ஆண்கள் பிறந்த கூட்டத்தை விட்டே போய்விடுவது சாதாரணம். வீட்டில் அந்த ஓட்டத்துக்கு இடமில்லை. நாலடிக் கூண்டில் தோற்ற முயல் எங்கே போகும்? மூலையில் ஒடுங்கும். அது அங்கேயே இருப்பதைப் பார்த்து, இன்னும் போகவில்லையே என்று மற்றது மேலும் மேலும் கடிக்கும். அவற்றின் குணம் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், போக வழியில்லாமல்தான் சண்டை இவ்வளவு மோசமாகிறது.

கூடப்பிறந்தவை என்பதால் எந்தச் சலுகையும் இல்லை. அண்ணன் தம்பி கணக்கு முயலுக்குக் கிடையாது. அண்ணனும் தங்கையுமாக இருந்தால் சண்டை வருமுன்பே குட்டிகள் வந்துவிடும்.

எந்த வயதில் ஆரம்பிக்கும்? முன்கூட்டியே தெரியுமா?

சிறிய இனங்களில் மூன்றரை, நான்கு மாதத்திலேயே ஆரம்பிக்கலாம். பெரிய இனங்களுக்கு ஆறு, எட்டு மாதம் வரைகூட இழுக்கும். ஆண் குட்டிக்கு 10 முதல் 14 வாரத்துக்குள் விதைகள் கீழே இறங்கிவிடும், கண்ணுக்கே தெரியும். அதனால் ஆணும் பெண்ணும் கலந்து இருந்தால் 12 வாரத்துக்குள் பிரித்துவிடுங்கள். பெண் முயலுக்குக் கர்ப்ப காலம் ஏறக்குறைய 31 நாள்தான், குட்டி போட்ட அன்றே மறுபடி சினைப்பிடிக்கவும் முடியும். குட்டிகளில் ஆண் பெண் தப்பாகச் சொல்லப்படுவது சர்வசாதாரணம் என்பதால், இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் என்று இருந்துவிடாமல் அந்த வயதில் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

முன்கூட்டித் தெரியுமா என்றால், தெரியும். சண்டைக்கு முன்னால் வருவது மூத்திரம். மூத்திரத் தட்டில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது சுவரிலும் உங்கள் காலிலும் பீய்ச்ச ஆரம்பிக்கும், புழுக்கை அங்கங்கே சிதறிக் கிடக்கும். மோவாயை எல்லாப் பொருளிலும் தேய்த்துக்கொண்டு போகும், ஏனென்றால் வாசனை விடும் சுரப்பி அங்கேதான் இருக்கிறது, இது என் இடம் என்று எழுதிவைப்பதுதான் அது. உங்கள் காலைச் சுற்றி மெல்ல உறுமிக்கொண்டே வட்டமடிக்கும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் கருத்தடை அறுவைக்கு மருத்துவரிடம் நாள் வாங்கிவிடுங்கள், சண்டை வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

எது சும்மா அதட்டல், எது நிஜச் சண்டை?

எல்லாத் துரத்தலையும் சண்டை என்று பார்த்தால் எந்த ஜோடியுமே மிஞ்சாது. ஒன்று இன்னொன்றை இரண்டு மூன்று எட்டுத் துரத்திவிட்டு நின்றுவிடுகிறது, சின்னதாக ஒரு கிள்ளல், தட்டிலிருந்து தள்ளிவிடுவது, சில வினாடி மேலே ஏறுவது, கொஞ்சம் முடி பறப்பது, இதெல்லாம் வரிசை பேசிக்கொள்வது. துரத்தப்பட்டது கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து முகம் கழுவினால் கவலை வேண்டாம்.

கவனிக்க வேண்டியது உடம்பு எப்படி இருக்கிறது என்பதை. வால் விறைத்து மேலே நிற்கும், காதுகள் பின்னால் ஒட்டிக்கிடக்கும், மோவாய் முன்னால் நீளும், இரண்டும் அசையாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அமைதிதான் மோசம். அதற்கு அடுத்த வினாடி பாய்ச்சல். இல்லையென்றால் ஒன்றையொன்று தலைக்கு வால் என்று வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும், வட்டம் சுருங்கச் சுருங்க வேகம் கூடும், பிறகு இரண்டும் வயிறும் வயிறுமாகக் கட்டிக்கொண்டு பந்தாய் உருளும், பின்னங்கால் நகத்தால் கிழித்துக்கொள்ளும். அந்த உருளல் ஒருமுறை நடந்தாலே போதும், அன்றோடு இரண்டும் தனித்தனி. இரண்டாவது வாய்ப்பு கொடுத்துப் பார்க்காதீர்கள்.

இதற்கு நடுவில் ஒன்று உண்டு, அதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். உருளல் இல்லை, ரத்தம் இல்லை, ஆனால் ஒரு முயல் மட்டும் எப்போதும் பெட்டியின் மேலேயோ மூலையிலோ இருக்கிறது, மற்றது தூங்கும்போதுதான் இறங்கித் தின்கிறது. இதுவும் சண்டைதான், சத்தமில்லாமல் நடக்கிறது. அந்த முயலின் எடையைப் பாருங்கள், குறைந்திருக்கும்.

ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் பெண். இது எப்படி?

ஏறுவது இனப்பெருக்கத்துக்கு மட்டும் இல்லை, நான்தான் பெரியவள் என்று சொல்வதற்கும்தான். பெண் பெண்ணின் மேல் ஏறும், கருத்தடை ஆன முயலும் ஏறும். கீழே இருப்பது தலையைத் தாழ்த்திப் பொறுத்துக்கொண்டால் சில வினாடி விடுங்கள், அப்புறம் மெதுவாக இறக்கிவிடுங்கள். கீழே இருப்பது ஓடினால், திரும்பிச் சீறினால், அப்போதே இறக்கிவிடுங்கள். தலைப்பக்கமாக ஏறினால் ஒரு வினாடிகூட விடக் கூடாது. மேலே இருப்பதன் பிறப்புறுப்பு கீழே இருப்பதன் வாய்க்கு நேராக வரும், அங்கே விழுகிற ஒரு கடி அறுவை சிகிச்சை வரைக்கும் கொண்டுபோகும்.

கட்டிப்புரண்டு சண்டை போடுகின்றன. எப்படிப் பிரிப்பது?

வெறுங்கையை நடுவில் விடாதீர்கள். அந்த நேரத்தில் அதற்குக் கை யாருடையது என்று தெரியாது, முயல் பல் எலும்பு வரை இறங்கும். தடிமனான துண்டை இரண்டின் மேலும் போடுங்கள், அல்லது முறம், அட்டை, துடைப்பம், எது கையில் இருக்கிறதோ அதை இரண்டுக்கும் நடுவில் செருகுங்கள். தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் சிலது பிரியும். பிரிந்ததும் ஒன்றை மட்டும் துண்டோடு அள்ளி அடுத்த அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். சமாதானம் ஆகட்டும் என்று திரும்ப முகத்துக்கு முகம் வைக்கவே வேண்டாம்.

காயம் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவரிடம் போக வேண்டுமா?

என் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். பஞ்சு, மிளகு என்று இரண்டு பெண் முயல்கள், ஒரே ஈற்றில் பிறந்தவை. ஐந்தாவது மாதத்தில் பஞ்சு ஏற ஆரம்பித்தாள், மிளகு ஓட ஆரம்பித்தாள், பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் விடிகாலை விளக்கைப் போட்டால் தரை முழுக்க சாம்பல் நிற முடி, கொத்துக் கொத்தாக. இரண்டும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தன. மிளகைத் தூக்கி முதுகு, காது, முகம் எல்லாம் பார்த்தேன், ஒன்றுமில்லை. நன்றாகத் தின்றாள். சரி, பிழைத்தோம் என்று இருந்துவிட்டேன். நாலாம் நாள் அவளைத் தடவும்போது பின்தொடையின் உட்பக்கம் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி கையில் இடறியது. முடிக்கடியில் ஒரே ஒரு பல் பட்ட துளை, அது மூடி, உள்ளே சீழ் கட்டியிருந்தது. முயலின் சீழ் தண்ணீராக இருக்காது, பற்பசை மாதிரி கெட்டியாக இருக்கும், அழுத்தினாலும் வெளியே வராது. அறுத்துத்தான் எடுத்தார்கள்.

அதனால் கண்ணால் பார்த்தது போதாது. முடியை ஊதி ஊதிப் பிரித்து, விரலால் தொட்டுப் பாருங்கள். முதுகுப் பின்புறம், தொடை உட்பக்கம், வயிறு, பிறப்புறுப்பு, ஆணாக இருந்தால் விதைப்பை, காது விளிம்பு, கண்ணிமை. அடுத்த பத்து நாளும் தினம் ஒருமுறை தடவிப் பாருங்கள். துளை மாதிரி எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் முயல் பார்த்துப் பழக்கப்பட்டவராக இருப்பது நல்லது. அதுவரை உப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். காயத்தில் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகிவிடும்.

வீட்டில் இருக்கிற மனித மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். குறிப்பாக அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, முயலும் செத்துப்போகும். அப்புறம் சண்டைக்குப் பிறகு பயத்தில் தின்னாமல் உட்கார்ந்திருந்தால் அதையும் காயம் மாதிரியே அவசரமாகப் பாருங்கள். முயலின் குடல் நின்றுவிடக் கூடாது, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

பிரித்துவைத்தால் ஒன்றையொன்று மறந்துவிடாதா?

இந்தப் பயத்தால்தான் பலர் பிரிக்கத் தயங்குகிறார்கள், அதனால்தான் ஜோடியே முறிகிறது. முயலுக்கு நல்ல ஞாபகம் உண்டு, முக்கியமாகக் கெட்டது நன்றாக ஞாபகமிருக்கும். நாலு முறை கடிபட்டால் ஐந்தாவது முறை அந்த வாசனையைக் கண்டாலே பாய்ந்துவிடும். ஒரு சண்டையோடு பிரித்து, கருத்தடை செய்து ஹார்மோன் அடங்கியதும் சேர்த்தால் சேர்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பத்துச் சண்டைக்குப் பிறகு பிரித்தால் வேலை பல மடங்கு. பிரிப்பதுதான் ஜோடியைக் காப்பாற்றுவது, இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பிரிப்பது என்றால் வேறு வேறு வீட்டில் வைப்பது இல்லை. பக்கத்துப் பக்கத்தில், நடுவில் கம்பி வலை. ஒற்றை வலை போதாது, வலைக்குள் மூக்கையும் விரலையும் கடித்துவிடும், இரண்டு வலையாக வைத்து நடுவில் ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். இரண்டு தட்டையும் அந்த வலையின் இரு பக்கமும் வைத்தால் எதிரெதிராகத் தின்னும். சில நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றிவிடுங்கள், இதன் கூண்டில் அது, அதன் கூண்டில் இது. மூத்திரத் தட்டையும் அப்படியே மாற்றுங்கள். வலையைப் பார்த்தாலே மோதிக்கொண்டு ஓடினால் அதற்கும் இன்னும் நேரம் வரவில்லை, நடுவில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நாள் கழித்து எடுங்கள்.

கருத்தடை செய்தே ஆக வேண்டுமா? இயற்கைக்கு விரோதமாக இல்லையா?

என் பதில்: ஆம், இரண்டு முயலுக்கும் செய்ய வேண்டும். ஆணுக்கு மட்டும் செய்தால் குட்டி வராது, ஆனால் பெண்ணின் ஹார்மோன் அப்படியேதான் இருக்கும், அவள்தான் மாதக்கணக்கில் அவனைத் துரத்துவாள். இரண்டு ஆண்களைக் கருத்தடை செய்யாமல் ஒன்றாக வைத்திருப்பது நடக்கவே நடக்காத காரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெண்கள் கொஞ்ச நாள் நன்றாக இருப்பதுபோல் இருக்கும், பிறகு ஒருநாள் இருக்காது.

சண்டையைத் தாண்டி, பெண் முயலுக்கு இது உயிர் காக்கிற விஷயம். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் புற்றுநோய் வருவது மிக அதிகம். நான்கைந்து வயதைத் தாண்டியவற்றில் பாதிக்கும் மேல் இது கண்டறியப்பட்ட ஆய்வுகள் உண்டு. இயற்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, காட்டு முயல் பெரும்பாலும் இரண்டு வயதைக்கூடப் பார்ப்பதில்லை. நம் வீட்டு முயலுக்கு எட்டு, பத்து வருஷம் கொடுக்கிறோம், அந்த வருஷங்களை வலியில்லாமல் கொடுப்பதும் நம் பொறுப்பு.

ஆணுக்கு விதை இறங்கியதும் செய்துவிடலாம், பெண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து, ஆறு மாதத்தில். எந்த நாளில் என்பதை மருத்துவர் எடையையும் உடல்நிலையையும் பார்த்துத்தான் சொல்வார். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கம் உண்டா, அறுவைக்குப் பிறகு வலி மருந்து கொடுத்து அனுப்புவீர்களா என்று இரண்டையும் தயங்காமல் கேளுங்கள்.

அறுவைக்கு முதல் நாள் ராத்திரி பட்டினி போட வேண்டுமா?

வேண்டாம். நாய், பூனைக்குத்தான் அது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும். காய்ந்த புல்லைக் கூடவே கொண்டுபோங்கள், கண் விழித்ததும் தின்ன வேண்டும்.

அறுவை முடிந்தது. எப்போது ஒன்றாக விடலாம்?

தையல் ஆறியதும் இல்லை, ஹார்மோன் வடிந்ததும். ஆணின் உடம்பில் விந்து மிச்சமிருக்கும், அறுவைக்குப் பிறகும் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை அவனால் குட்டி உண்டாக்க முடியும். பெண்ணுக்கு வயிற்றுக் காயம் ஆறவே இரண்டு வாரம் ஆகும், அந்த நேரத்தில் யாராவது மேலே ஏறினால் தையல் பிரிந்துவிடும். இரண்டுக்குமே ஆறிலிருந்து எட்டு வாரம் என்று மனதில் வைத்துக்கொண்டால் நிம்மதி. ஹார்மோன் ஒரே நாளில் போய்விடாது, அறுவைக்குப் பிறகு முதல் ஓரிரு வாரம் கோபம் கூடினதுபோல்கூட இருக்கும். பயப்படாதீர்கள், வலைக்கு இரு பக்கமும் அப்படியே இருக்கட்டும்.

திரும்ப எப்படிச் சேர்ப்பது?

பழைய சிநேகிதர்கள்தானே என்று கூண்டைத் திறந்துவிடாதீர்கள். முன்பின் அறியாத இரண்டு முயல்களை முதல்முறை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இரண்டுக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும். இதுவரை எதுவும் காலே வைக்காத அறை, குளியலறைத் தரை, எதுவானாலும் சரி. வழுக்கும் தரை என்றால் பாய் விரியுங்கள், கால் வழுக்கினால் பயந்து கடிக்கும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் தடுப்பு வையுங்கள், ஓடித் துரத்த முடியாத அளவு சிறிசு, முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிகிற அளவு பெரிசு. நடுவில் காய்ந்த புல்லை ஒரு பெரிய குவியலாகப் போடுங்கள். ஒரு வாசல் மட்டும் உள்ள பெட்டி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, உள்ளே போனது மாட்டிக்கொள்ளும். நீங்களும் உள்ளேயே தரையில் உட்காருங்கள், தடிமனான கையுறையும் ஒரு அட்டையும் பக்கத்தில் இருக்கட்டும், கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

முதல் நாள் பத்து நிமிஷம் போதும். சண்டை வந்த பிறகு பிரித்து முடிப்பதைவிட, எல்லாம் அமைதியாக இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. அடுத்த நாள் கொஞ்சம் கூட்டுங்கள், இரண்டு வாரத்தில் பல மணி நேரம் என்று வரட்டும். ஒன்று மற்றதை முறைத்தால், வால் ஏறினால், அட்டையை நடுவில் விட்டுப் பார்வையை மறையுங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். தினமும் ஏதாவது மோதல் வந்துகொண்டே இருந்தால் சில நாள் விட்டுவிட்டு இடத்தை மாற்றித் தொடங்குங்கள்.

எங்கே ஏமாந்துபோகிறார்கள் என்றால், முதல் நாளே ஒன்றையொன்று நக்கிக்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில். ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, தன் பாட்டுக்குப் புல் தின்பதும் முகம் கழுவுவதும் மிக நல்ல அறிகுறி. மற்றது பின்னால் இருக்கும்போது கண்ணை மூடுகிறது என்றால் அதை நம்புகிறது என்று அர்த்தம். பஞ்சுவும் மிளகும் சேர ஏழு வாரம் ஆனது. அதில் நாலு வாரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காத மாதிரியே உட்கார்ந்திருந்தன. ஒருநாள் மிளகு நகர்ந்து நகர்ந்து வந்து பஞ்சுவின் முகத்துக்குக் கீழே தலையைத் தரையோடு ஒட்டவைத்தாள், நக்கிவிடு என்று கேட்கிற மாதிரி. பஞ்சுவும் பதிலுக்குத் தன் தலையைத் தாழ்த்தினாள், நீ முதலில் செய் என்பதுபோல. இரண்டும் அப்படியே தரையில் மோவாயை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தன, நான் மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பஞ்சு எழுந்து, மிளகின் காது அடியில் ஒரே ஒரு தடவை நக்கினாள். அவ்வளவுதான் அன்றைக்கு. அதற்கடுத்த வாரம் ஒன்றாகப் படுத்தன.

சேர்ந்து படுக்கின்றன, துரத்தல் இல்லை, இரண்டு முழு நாள் நீங்கள் கூடவே இருந்து பார்த்தாயிற்று என்ற பிறகுதான் கண்காணிப்பில்லாமல் விட வேண்டும். வழக்கமான இடத்துக்குக் கொண்டுவருமுன் பழைய கூண்டு, தட்டு, பெட்டி எல்லாவற்றையும் வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரால் கழுவி, சாமான்களை வேறு மாதிரி அடுக்குங்கள். இடத்தையும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். முதலில் பாதி, இரண்டு மூன்று நாள் அமைதியாகப் போனால் இன்னும் கொஞ்சம். சேர்த்த பிறகு ராத்திரிக்கு மட்டும் தனியாக வைப்பது வேண்டாம், தினமும் காலையில் வரிசையைப் புதிதாகப் பேச வேண்டியதாகிவிடும்.

ஒரே பெட்டியில் அடைத்து வண்டியில் சுற்றினால் பயத்தில் சேர்ந்துவிடுமாமே?

ஒட்டிக்கொள்ளும், சேராது. பயத்தில் உறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு சிநேகிதம் என்று நினைத்துக்கொள்கிறோம். வண்டி நின்றதும் பழைய கதைதான், சிலது பயத்தில் பக்கத்தில் இருப்பதையே கடிக்கும், பெட்டிக்குள் பிரிக்கவும் முடியாது. தண்ணீர் தெளிப்பது, நனைப்பதும் அப்படித்தான். முயலை நனைக்கவே கூடாது. இந்த முறைகளை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது, இரண்டு வருஷம் ஒற்றுமையாக இருந்தன. இப்போது திடீரென்று சண்டை. ஏன்?

முதலில் இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ந்து நிலைத்த ஜோடி காரணமில்லாமல் முறியாது, பெரும்பாலும் யாருக்கோ எங்கேயோ வலிக்கிறது. பல் கூராக வளர்ந்து கன்னத்தைக் குத்தலாம், மூத்திரப் பையில் கல் இருக்கலாம், மூட்டு வலியாக இருக்கலாம். முயல் வலியை வெளியே காட்டாது, தொட்டவரைக் கடிக்கும். சில சமயம் ஆரோக்கியமானது நோயாளியைக் கடிக்கும், அதன் வாசனையும் நடையும் மாறிவிட்டதால்.

இன்னொரு பொதுவான காரணம் மருத்துவமனை வாசனை. ஒன்றை மட்டும் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பினால், வீட்டில் இருந்தது அதை அந்நியனாகப் பார்த்துத் தாக்கும். எப்போதும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள், ஒன்றுக்கு மட்டும்தான் ஊசி என்றாலும்கூட. ஒன்று அங்கே தங்க வேண்டிவந்தால் முடிந்தவரை மற்றதையும் கூட வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால், வீட்டில் இருப்பது படுத்த துணியை அதன்கூட அனுப்புங்கள்.

வெளியில் வேறு முயலோ பூனையோ ஜன்னலுக்கு அந்தப்பக்கம் வந்து போவதாலும் வரும். எட்டாத ஒன்றின் மேல் உள்ள கோபத்தைப் பக்கத்தில் இருப்பதன் மேல் காட்டும். அந்த ஜன்னலை மறைத்துவிடுங்கள்.

பெண் முயல் வயிற்று முடியைப் பிய்த்துக் கூடு கட்டுகிறது, ஜோடியைக் கிட்டவே விடுவதில்லை. ஆணே இல்லை வீட்டில்!

பொய்க் கர்ப்பம். இன்னொரு பெண் மேலே ஏறினாலே போதும், உடம்பு சினைப்பிடித்ததாக நம்பிவிடும். பதினாறு முதல் பதினெட்டு நாளில் தானாக அடங்கும். கூட்டைக் கலைக்காதீர்கள், அதுவரை மற்றதை வலைக்கு அந்தப்பக்கம் வையுங்கள், தின்கிறாளா என்று பாருங்கள். மறுபடி மறுபடி வந்தால் கருத்தடைதான் வழி.

இடம் எவ்வளவு இருந்தால் சண்டை குறையும்?

ஒரு ஜோடிக்கு மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஒரு மீட்டர் உயரம், எப்போதும் திறந்தே கிடக்க வேண்டும். முயல் நலனில் அக்கறை உள்ள அமைப்புகள் குறைந்தபட்சம் என்று சொல்வது இதைத்தான். அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, முட்டுச்சந்து இல்லாமல் இருப்பது. எந்தப் பெட்டிக்கும் இரண்டு வாசல், எந்த மூலையிலிருந்தும் வெளியேற இன்னொரு வழி. தட்டு, தண்ணீர், புல், மூத்திரத் தட்டு எல்லாம் இரண்டிரண்டு, ஒன்றிலிருந்து மற்றது தெரியாத தூரத்தில். குருணைத் தீவனத்தைக் கிண்ணத்தில் வைக்காமல் தரையில் விசிறிவிட்டால் கிண்ணத்துக்கான சண்டையே இல்லை.

மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தால் சரியாகுமா?

ஆகாது. இரண்டு பேர் சண்டை மூன்று பேர் சண்டையாகும், மிச்சமிருக்கிற ஒட்டும் போய்விடும்.

எதுவுமே சரிப்படவில்லை. ஆறு மாதம் முயன்றுவிட்டேன்.

சில ஜோடிகள் சேராது, அது உங்கள் தப்பு இல்லை, முயலின் தப்பும் இல்லை. வலைக்கு இரு பக்கமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்நாள் முழுக்க வைத்திருக்கலாம், வலையோரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு படுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இரண்டுக்கும் முழு இடம் வேண்டும், உங்கள் நேரமும் இரண்டு மடங்கு வேண்டும். இல்லையென்றால் கருத்தடை செய்த, எதிர்ப்பாலினத்தில் ஒரு துணையை, முடிந்தால் முயல்களே ஒன்றையொன்று பார்த்துத் தேர்ந்துகொள்ள விடுகிற காப்பகத்திலிருந்து, ஆளுக்கொன்றாகத் தேடுங்கள். கருத்தடை ஆன ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வதுதான் எல்லாக் கூட்டணியிலும் எளிது. சண்டை போட்ட இரண்டில் ஒன்றை நல்ல வீட்டுக்குக் கொடுக்க வேண்டிவந்தால், அதுவும் துணையோடு வாழப்போகிற இடமா என்று பார்த்துக் கொடுங்கள்.